ஆஸ்பத்திரி பில்: எந்த வரியில் என்ன ஒளிந்திருக்கும்?

போன மழைக்காலத்தில் குடியாத்தத்தில் இருக்கும் என் மாமனாருக்கு டெங்கு வந்தது. வேலூருக்குக் கூட்டிவந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை ராத்திரி சேர்த்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் டிஸ்சார்ஜ். மனுஷன் தேறிவிட்டார், முறுகலாகத் தோசை கேட்கும் அளவுக்கு. அப்புறம் பில் வந்தது. ஒரே தாள், ஏழு வரி:

அறை வாடகை: 10,000
நர்சிங்: 3,200
டாக்டர் விசிட்: 6,300
டயட்டீஷியன்: 600
லேப்: 17,850
மருந்தகம்: 26,900
இதர: 3,600

மொத்தம் 68,450 ரூபாய்.

நான் ஏ.டி.எம். கார்டை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அத்தை தாளை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவர் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் கூலிக் கணக்கு எழுதியவர். டாக்டர் ஒருமுறை எட்டிப்பார்த்தால் 700 ரூபாய் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள்.

"மாப்ள, ஆறாயிரத்து முந்நூறை எழுநூறால வகுத்தா இன்னா வருது?"

ஒன்பது.

"டாக்டர் ஒம்போது வாட்டி எங்க வந்தாரு?"

பையிலிருந்து தினசரி காலண்டர் தாள்கள் நாலைந்தை எடுத்தார். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: திங்கள் ராத்திரி 1. செவ்வாய் காலை, சாயங்காலம் 2. புதன் காலை மட்டும் 1. வியாழன் 2. வெள்ளி காலை 1. கூட்டினால் ஏழு. எந்த நேரத்தில் எந்த பாட்டில் ஏற்றினார்கள், எத்தனை தடவை ரத்தம் எடுத்தார்கள் என்பதும் அந்தத் தாள்களில் இருந்தது. நான் நான்கு நாளும் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மத்தியானம் நாங்கள் பில் கவுன்டரில் கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். முதன்முதலாக ஒரு பெரிய பில்லைக் கையில் வாங்குபவர்களுக்கு உதவும்.

ஏமாற்று என்று எதைச் சொல்கிறோம்?

"கொள்ளையடிக்கிறாங்க" என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, செய்யாததைச் செய்ததாக எழுதுவது: வராத விசிட், போடாத ஊசி. அடுத்தது, உண்மையாகவே செய்திருப்பார்கள், ஆனால் அது தேவையே இல்லாதது: காய்ச்சலுக்கு வந்தவருக்குத் தைராய்டு டெஸ்ட். இன்னொன்று, தேவையானதையே செய்து அதற்கு அநியாய விலை போடுவது.

இதைப் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொன்றையும் கேட்கும் விதம் வேறு. முதல் வகையை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். எண்ணத் தெரிந்தால் போதும். கவுன்டரில் பெரும்பாலும் உடனே திருத்திவிடுவார்கள், "சிஸ்டம்ல தப்பா ஏறிடுச்சு சார்" என்று. இரண்டாவது வகையை நிரூபிக்க இன்னொரு டாக்டரின் வாய் வேண்டும். மூன்றாவது வகையில் பாதிக்கு மேல் சட்டப்படி குற்றமே கிடையாது. அங்கே போய் "திருடன்" என்று கத்தினால் செக்யூரிட்டி வருவார், பணம் வராது.

ஏழு வரியை எழுபது வரியாக்குவது

நாங்கள் செய்த முதல் வேலை, விவரமான பில்லைக் கேட்டது. ஐட்டம் வாரியாக, தேதி வாரியாக. கவுன்டரில் இருந்த பையன், "அது டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான் வரும்" என்றான். அப்படி எதுவும் கிடையாது. கணினியில் ஏறிய பிறகுதானே கூட்டுத்தொகையே வந்தது? பொறுமையாக நின்றால் பிரின்ட் வரும். எங்களுக்கு முக்கால் மணி நேரத்தில் ஆறு பக்கம் வந்தது.

பில் கேட்பது நமக்கு யாரோ செய்யும் சலுகை என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை என்று எழுதியிருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. கட்டணத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது, விவரமான பில் பெறுவது, மருந்தையும் பரிசோதனையையும் வெளியே செய்துகொள்வது, இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது எல்லாம் அதில் உரிமைகளாக இருக்கின்றன. சாசனத்துக்குச் சட்டத்தின் பல் முழுதாக முளைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் மனுவில் அதைக் குறிப்பிட்டால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார், பார்த்திருக்கிறேன்.

சரி, ஆறு பக்கத்தில் என்ன இருந்தது?

'இதர' என்ற 3,600 ரூபாயைப் பிரித்தால், அட்மிஷன் 500, பதிவேடு 350, மானிட்டர் இரண்டு நாள் 1,000, மருத்துவக் கழிவு அகற்ற நாளுக்கு 250 வீதம் 1,000, நெபுலைசேஷன் மூன்று தடவை 750. கடைசியைப் பார்த்ததும் மாமா சிரித்துவிட்டார். அவருக்குச் சளியும் இல்லை, இளைப்பும் இல்லை; மருந்தைப் புகையாக உள்ளே இழுக்க வைக்கும் அந்த மாஸ்க்கை யாரும் அவர் மூக்கில் வைக்கவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவருக்கு வைத்தார்கள். அவர் கணக்கு இவர் பில்லில் ஏறியிருக்கலாம். இதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், கவனக்குறைவாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் கவனித்தேன்: இந்தக் கவனக்குறைவு நோயாளிக்குச் சாதகமாக ஒருமுறைகூட நடக்கவில்லை.

மருந்தகக் கணக்கு மூன்று பக்கம். அதில் 64 ஜோடி கையுறை, ஜோடி 35 ரூபாய். நான்கு நாளில் 64 ஜோடி என்றால் நாளுக்குப் பதினாறு. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இன்னாது, மாமாவுக்கு ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணாங்களா, நமக்குத்தான் தெரியலையா?" என்றார்.

கையுறை, சிரிஞ்சு, குளுக்கோஸ் ஏற்றும் குழாய், பஞ்சு, பிளாஸ்டர் மாதிரி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சாமான்களை பில்லில் கன்ஸ்யூமபிள்ஸ் என்பார்கள். பில்லை ஊதவைக்க இதைவிட வசதியான இடம் இல்லை. வார்டில் ஒரு பெட்டியிலிருந்து எடுத்து நாலு பேருக்குப் பயன்படுத்துவார்கள். கணக்கு யார் பேரில் வேண்டுமானாலும் ஏறும். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் 'மருந்து ரிட்டர்ன்'. டாக்டர் எழுதியதும் இரண்டு நாளைக்குச் சேர்த்து மருந்து வார்டுக்கு வந்துவிடும். நடுவில் டாக்டர் மருந்தை மாற்றினாலோ, நோயாளி முன்கூட்டியே வீட்டுக்குப் போனாலோ, பிரிக்காத மருந்து மிச்சமாகும். அதை மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பி நம் பில்லில் கழிக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் அதே பாட்டில் அடுத்த நோயாளிக்கு இன்னொரு தடவை விற்கப்படும். எங்களுக்கு மூன்று குளுக்கோஸ் பாட்டிலும் ஆறு ஊசி மருந்தும் அப்படிக் கழியாமல் நின்றன, 2,215 ரூபாய். அத்தையின் காலண்டர் தாளில் எத்தனை பாட்டில் ஏறியது என்று இருந்ததால்தான் கேட்க முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே நர்ஸிடம் "ரிட்டர்ன் போட்டாச்சா சிஸ்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

எம்.ஆர்.பி. என்ற திரை

கையுறை 35 ரூபாயா என்று கேட்டபோது பையன் அட்டையைக் காட்டினான். எம்.ஆர்.பி. 35 என்றே அச்சிட்டிருந்தது. "அதுக்கு மேல ஒரு பைசா வாங்கல சார்." உண்மைதான். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் குற்றம். அதற்குள் எவ்வளவு வாங்கினாலும் குற்றமில்லை.

ஆனால் அந்த எண்ணை அச்சிடுவது யார்? தயாரிக்கிற கம்பெனி. மொத்தமாக வாங்குகிற ஆஸ்பத்திரிக்கு அட்டையில் எவ்வளவு பெரிய எண் இருக்கிறதோ அவ்வளவு லாபம். அதனால் போட்டி தலைகீழாக நடக்கிறது: எந்தக் கம்பெனி அதிக எம்.ஆர்.பி. போட்டுக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறதோ அதன் சரக்குத்தான் வார்டுக்குள் வரும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018 பிப்ரவரியில் டெல்லி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது.

விலைக்கு உச்சவரம்பு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சின்ன வலைக்குழாயான இதய ஸ்டென்ட் நல்ல உதாரணம். 2017 பிப்ரவரிக்கு முன்பு மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று லட்சத்துக்கு மேல் பில்லில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மாதம் ஆணையம் உச்சவரம்பை 29,600 ரூபாய் என்று வைத்தது. சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மாற்று உறுப்புகளுக்கும் வரம்பு வந்தது. ஸ்டென்ட் விலை மொத்தவிலைக் குறியீட்டை ஒட்டி மாறும், அதனால் இன்றைய விலையை ஆணையத்தின் தளத்திலோ 'பார்மா சஹி தாம்' செயலியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தால் அதன் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், விலை ஆகியவற்றை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே உண்டு. 'ஆஞ்சியோ பேக்கேஜ்' என்று ஒரே வரியாகக் கொடுத்தால் பிரித்துக் கேளுங்கள்.

வெளி மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கவும் தயங்க வேண்டாம். மக்கள் மருந்தகமும், 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் ஊருக்குள் இருக்கின்றன. நாள்பட்ட சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு இது பெரிய மிச்சம். அவசரத்தில் ஐ.சி.யூ.வில் இருப்பவருக்காக ஊசி மருந்து தேடி ஓடுவது வேறு கதை, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தேவையா, இல்லையா?

லேப் 17,850. டெங்குவுக்கு ரத்தப் பரிசோதனை தினமும் தேவை. பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுக்களையும் ரத்தத்தின் அடர்த்தியையும் பார்க்காமல் யாரும் வைத்தியம் செய்ய முடியாது. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் வைட்டமின் டி, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லாம் இருந்தன. யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. சேர்க்கும்போது ஒரு 'ஃபீவர் பேனல்' என்று டிக் அடித்தார்கள், அதற்குள் எல்லாம் அடங்கியிருந்தது.

எந்தப் பரிசோதனைக்கும் டாக்டரிடம் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்த ரிசல்ட்டைப் பார்த்துட்டு வைத்தியத்துல எதை மாத்துவீங்க டாக்டர்?" நல்ல டாக்டர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவார். சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பும் ஒரு பதில்தான்.

டெங்கு என்றதும் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை 40,000, 30,000 என்று இறங்கினால் குடும்பமே பதறும். அந்தப் பதற்றத்தில் பாக்கெட் பாக்கெட்டாக ஏற்றச் சம்மதிப்போம், சில நேரம் நாமே கெஞ்சுவோம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை 10,000க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றலாம் என்கிறது நம் நாட்டு டெங்கு சிகிச்சை வழிகாட்டி. மாமாவுக்கு 38,000க்கு இறங்கியது. அவரைப் பார்த்த டாக்டர், "ஏத்த வேணாம், தானா ஏறும், தண்ணி குடிக்க வையுங்க" என்று சொல்லிவிட்டார். பில்லில் அவர் பெயரில் இரண்டு விசிட் அதிகமாக ஏறியிருந்தது நிஜம். அதே டாக்டர் சுலபமாக விற்றிருக்கக்கூடிய பல ஆயிரத்தை விற்காமல் விட்டதும் நிஜம். பில் போடுவது அவர் இல்லை; நிறைய இடங்களில் டாக்டருக்கே தன் பெயரில் என்ன ஏறுகிறது என்று தெரியாது.

தேவையின்மை என்பது தனி ஒரு பில்லில் தெரியாது, கூட்டத்தில்தான் தெரியும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. இதை வைத்து உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நடந்தது தேவையற்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பத்தில் ஆறு பேருக்கு வயிற்றைக் கிழித்தே தீரவேண்டும் என்பதையும் நம்ப முடியவில்லை.

கட்

வேலூர் ஒரு ஆஸ்பத்திரி ஊர். 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்தது; நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் இங்கேதான் நடந்தது. அதை நம்பி அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி காட்பாடியில் இறங்குகிறார்கள். காந்தி ரோட்டில் லாட்ஜ் பலகையும் மெஸ் பலகையும் வங்காள எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு நோயாளிகள் வரும் ஊரில் நோயாளியைக் கை காட்டி அனுப்புவதும் ஒரு தொழிலாகிவிடும். "அங்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு" என்று பாஷை தெரியாத குடும்பத்திடம் பேச்சுக் கொடுப்பவர்களை ரயிலடியிலேயே பார்க்கலாம்.

இதற்குப் பெயர் ரெஃபரல் கமிஷன், பேச்சுவழக்கில் 'கட்'. உதாரணத்துக்கு ஒரு ஸ்கேனின் விலை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிவைத்த டாக்டருக்கு 1,500 போகிறது என்றால், 4,500க்கே ஸ்கேன் எடுக்க முடியும் என்று அர்த்தம். மீதி, நம்மை அனுப்பியதற்காக நாமே கட்டும் தரகு. பணம் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை. ஸ்கேன் எழுதினால் காசு வரும் என்றான பிறகு, ஸ்கேன் எழுதும் கை எந்த நியாயத்தில் எழுதுகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

இது தெளிவான விதிமீறல். 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள், நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷனோ தள்ளுபடியோ பெறவும் கொடுக்கவும் கூடாது என்கின்றன. தன் கட்டணத்தை வைத்தியம் செய்வதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்றும் சொல்கின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளைக் கொண்டுவந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்திவைத்துவிட்டது. அதனால் 2002 விதிகளை நம்பித்தான் இப்போதும் புகார் எழுத வேண்டியிருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளை வியாபாரச் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

'கட்' வாங்கியதை நோயாளியால் நிரூபிப்பது கஷ்டம், ரசீது போட்டா கொடுப்பார்கள்? நாம் செய்யக்கூடியது சின்னது. "அந்த சென்டர்லதான் எடுக்கணும், வேற இடத்து ரிப்போர்ட் ஒத்துக்க மாட்டேன்" என்று காரணம் சொல்லாமல் அடம் பிடித்தால், அங்கே விலையைக் கேளுங்கள், இன்னும் இரண்டு இடத்தில் போனில் கேளுங்கள்.

காப்பீடு இருந்தால் நிம்மதியா?

"இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று ரிசப்ஷனில் கேட்கும் கேள்வி அக்கறையாகத் தோன்றும். காப்பீடு இருக்கிறது என்று தெரிந்ததும் அறை தானாக ஒரு படி உயர்ந்துவிடுவதும் உண்டு. இங்கேதான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

பல பாலிசிகளில் அறை வாடகைக்கு வரம்பு உண்டு, பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம். 3 லட்ச ரூபாய் பாலிசி என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறீர்கள். "மேல ஆகுற 3,000ஐ நாம கட்டிக்கலாம், நாலு நாளைக்கு 12,000தானே" என்று மனசு கணக்குப் போடும். ஆனால் கம்பெனி போடும் கணக்கு வேறு. வரம்பு அறை வாடகையில் பாதிதானே, அப்படியானால் டாக்டர் கட்டணம், நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றிலும் பாதிதான் தருவேன் என்று வெட்டிவிடும். அறை 24,000, டாக்டரும் தியேட்டரும் நர்சிங்கும் 60,000, மருந்தும் பரிசோதனையும் 40,000 என்றால் மொத்தம் 1,24,000. கம்பெனி தருவது 12,000, அப்புறம் 30,000, மருந்துக்கும் பரிசோதனைக்கும் முழு 40,000, ஆக 82,000. உங்கள் கையிலிருந்து 42,000. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், உள்ளே பொருத்தும் உறுப்புகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இப்படி விகிதம் போட்டு வெட்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் சொன்னதால்தான் அந்த 40,000 தப்பியது. போதாததற்கு, ஐ.சி.யூ. தவிர்த்து நாளுக்கு 5,000க்கு மேற்பட்ட அறைக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு.

ஆகவே சேரும்போது அறையின் பெயரைக் கேட்காதீர்கள், உங்கள் பாலிசியின் வரம்பைச் சொல்லி அதற்குள் அறை கேளுங்கள். பணமில்லாச் சிகிச்சையில் (கேஷ்லெஸ்) டிஸ்சார்ஜ் கோரிக்கை போன மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டுக் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று 2024இல் ஆணையம் உத்தரவிட்டது. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். சாயங்காலம் வரை காத்திருக்க வைத்து இன்னொரு நாள் வாடகை போட்டால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு விதம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. திட்டத்தில் இருக்கும் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி தனியாகப் பணம் கேட்கக் கூடாது. "கார்டு கொஞ்சம்தான் தரும், மேற்கொண்டு முப்பதாயிரம் கட்டுங்க" என்றால் ரசீதோடு கேளுங்கள், அல்லது திட்டத்தின் உதவி எண் 1800 425 3993க்கு அங்கேயே நின்று போன் செய்யுங்கள். சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும், அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும். ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் சென்னை-பெங்களூர் ரோட்டில் தினமும் போய்வருபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எங்கே போய்ச் சொல்வது?

முதலில் ஆஸ்பத்திரியிலேயே, எழுத்தில். வாய்ச்சண்டை காற்றில் போய்விடும். எந்த வரி, எந்தத் தேதி, ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளியை அழைத்துப்போக வேண்டிய அவசரம் என்றால் "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று பில் நகலில் எழுதிக் கையெழுத்திட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு வரலாம். பிற்பாடு கேட்கும் உரிமை போய்விடாது. பில் தகராறுக்காக நோயாளியையோ, இறந்தவரின் உடலையோ பிடித்துவைக்கக் கூடாது என்று சாசனம் சொல்கிறது. அப்படிச் செய்தால் 100க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

டாக்டரும் நர்ஸும் தினமும் எழுதிவைக்கும் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டின் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அதே 2002 விதி. பில்லைவிட இது பெரிய ஆயுதம்: பில்லில் மூன்று நெபுலைசேஷன் இருந்து, கேஸ் ஷீட்டில் டாக்டர் ஒன்றுகூட எழுதவில்லை என்றால் அதற்கு மேல் வாதம் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகள் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்பவர் மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். அவருக்கு மனு கொடுக்கலாம். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கொடுத்தாலும் அங்கே போய்ச் சேரும். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்.

பணம் திரும்ப வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் 'சேவை'தான் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்த்துவிட்டது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடங்கள் அதில் வராது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலே வாதாடலாம், வேலூரிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு ஒரு போன் செய்து பாருங்கள். பல ஆஸ்பத்திரிகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும்.

எங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. பில்லிங் மேனேஜர் என்று ஒருவர் வந்தார். காலண்டர் தாள்களைப் பார்த்தார், கேஸ் ஷீட்டைப் பார்த்தார். வராத இரண்டு விசிட் 1,400, நெபுலைசேஷன் 750, மருந்து ரிட்டர்ன் 2,215, கையுறையில் பாதி 1,120 என்று கழித்து 5,485 ரூபாயைக் குறைத்தார். வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் அப்படியே நின்றன, ரத்தம் எடுத்தாகிவிட்டது, ரிசல்ட்டும் வந்தாகிவிட்டது. 62,965 கட்டினோம்.

டயட்டீஷியன் 600 ரூபாயை மட்டும் அவர் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு படிவத்தை நீட்டினார், மாமாவின் கையெழுத்து இருந்தது. மாமா யோசித்துப் பார்த்தார். "புதன்கிழமை ஒரு பொண்ணு வந்துச்சு. இன்னா சாப்டீங்கன்னு கேட்டுச்சு, இட்லின்னேன். இட்லி நல்லதுன்னு சொல்லிட்டு, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கன்னுச்சு."

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார். "அதை ஏன் எங்கிட்ட சொல்லல? நான் எழுதியிருப்பேன்ல."